ரேம், எஸ்எஸ்டி மாற்றிய பின் பழைய மடிக்கணினி அடம்பிடித்தால்

பாகத்தை மாற்றிய பின் மடிக்கணினி ஓடவில்லை என்றால், பெரும்பாலும் பாகம் கெட்டிருக்காது. சரியாக உட்கார்ந்திருக்காது, அந்த மாடலுக்கு ஒவ்வாத வகையாக இருக்கும், இல்லாவிட்டால் பயாஸில் (விண்டோஸுக்கு முன் ஓடும் அடிப்படை நிரலில்) ஏதோ ஓர் அமைப்பு பொருந்தாமல் இருக்கும். மூன்றில் எது என்று கண்டுபிடிக்க முடியாமல் செய்வது ஒரு பழக்கம்தான்: திறந்ததுதான் திறந்தோம் என்று ரேம் (நினைவகம்), எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்குக்குப் பதிலான சேமிப்பகம்), வெப்பப் பசை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றுவது. முதலில் ரேமை மட்டும் போடுங்கள். மூடி, ஓட்டி, ஒரு நாள் பயன்படுத்திப் பார்த்த பிறகு எஸ்எஸ்டிக்கு வாருங்கள். இரண்டையும் ஏற்கெனவே மாற்றிவிட்டவர்கள் பழைய ரேமைத் திரும்பப் போட்டுவிட்டுக் கீழே படிக்கலாம்.

திறப்பதற்கு முன்

சார்ஜரைக் கழற்றுங்கள். வெளிப் பேட்டரி என்றால் எடுத்துவிடுங்கள். உள் பேட்டரி என்றால் மூடியைக் கழற்றியதும் முதல் வேலை அதன் கனெக்டரைப் பிடுங்குவது. சில திங்க்பேட் மாடல்களில் பயாஸின் பவர் பகுதியிலேயே உள் பேட்டரியை முடக்கும் வசதி உண்டு, அதைப் பயன்படுத்துங்கள். பிறகு பவர் பொத்தானை 15 முதல் 20 விநாடி அழுத்திப் பிடித்து, மிச்சமிருக்கும் மின்சாரத்தை வடியவிடுங்கள். பேட்டரி இணைந்தபடியே ரேமைப் பிடுங்கிப் போர்டையே இழப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

டச்பேட் மேலே எழும்பியிருந்தாலோ அடிமூடி வளைந்திருந்தாலோ பேட்டரி உப்பியிருக்கிறது. அதை நெம்பாதீர்கள். ரேம் வேலையைத் தள்ளிவைத்துப் பேட்டரியை முதலில் மாற்றுங்கள்.

சிங்கப்பூரில் காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். நிலைமின்சாரப் பயம் குளிர்நாடுகளில் இருக்கும் அளவுக்கு இங்கே இல்லை. ஆனால் இரவு முழுக்க ஏர்கான் ஓடும் அறையில் காற்று காய்ந்துபோகும். அங்கே வேலை செய்தால் ஏதாவது பெரிய உலோகப் பொருளைத் தொட்டுவிட்டு ரேமைத் தொடுங்கள். இந்த ஊரில் அதிகம் தொல்லை தருவது நிலைமின்சாரத்தைவிட, பல வருஷம் திறக்காத ஸ்லாட்டில் படிந்திருக்கும் ஈரமும் தூசும்தான்.

திருகுகளை ஒரு தாளில் மடிக்கணினியின் அடிப்பாகத்தை வரைந்து அந்தந்த இடத்திலேயே குத்திவையுங்கள். நீளமான திருகைக் குட்டைத் துளையில் முறுக்கினால் மேற்புறப் பிளாஸ்டிக்கில் மேடு விழும், இன்னும் மோசமானால் போர்டின் தடத்தை அறுக்கும்.

ரேம் போட்டதும் திரையே வரவில்லை

விளக்கு எரிகிறது, காற்றாடி சுற்றுகிறது, திரை கறுப்பு. உடனே அணைக்காதீர்கள். புதிய ரேமை முதல்முறை அடையாளம் காண மடிக்கணினிக்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும். டிடிஆர்4 என்ற ரேம் வகை உள்ள மாடல்கள் சில தானாகவே ஓரிரு முறை அணைந்து எரியும். இரண்டு நிமிடம் பொறுங்கள். பொறுமை இல்லாமல் நடுவில் அணைத்தால் அந்த வேலை மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

அதன் பிறகும் ஒன்றுமில்லை என்றால் திறந்து பாருங்கள். ரேமை 30 டிகிரி சாய்வில் முழுதாக உள்ளே தள்ளிய பிறகுதான் கீழே அமுக்க வேண்டும். சாய்வில் தள்ளும்போதே பொன்னிறப் பற்கள் கிட்டத்தட்ட மறைந்துவிட வேண்டும். அமுக்கியதும் இரண்டு பக்கக் கொக்கிகளும் 'கிளிக்' என்று பிடிக்கும். ஒரு பக்கம் பற்கள் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் தெரிந்தால் அது உட்காரவில்லை. பாதி உட்கார்ந்த ரேமிலும் கொக்கி விழும் என்பதால், கொக்கியை நம்பாதீர்கள், பற்களின் கோட்டைப் பாருங்கள்.

சரியாகத்தான் உட்கார்ந்திருக்கிறது என்றால் ஒரே ஒரு ரேம் துண்டை மட்டும் ஒரு ஸ்லாட்டில் போட்டு ஓட்டுங்கள். பிறகு அதே துண்டை அடுத்த ஸ்லாட்டில். பிறகு அடுத்த துண்டை இரண்டிலும். மொத்தம் நான்கு சோதனை, பத்து நிமிட வேலை. ஒரு துண்டு இரண்டு ஸ்லாட்டிலும் தோற்றால் குற்றவாளி அந்தத் துண்டு. எந்தத் துண்டைப் போட்டாலும் ஒரே ஸ்லாட்டில் தோற்றால் ஸ்லாட்டில்தான் கோளாறு. அதை முதலில் சுத்தம் செய்யுங்கள். ரேமின் பற்களைப் பஞ்சு உதிராத துணியில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைக்கலாம். 90 விழுக்காட்டுக்கு மேற்பட்டது நல்லது. மருந்துக் கடையில் கிடைக்கும் 70 விழுக்காட்டு ஆல்கஹாலில் தண்ணீர் கலந்திருப்பதால், துடைத்த பின் பத்து நிமிடமாவது காயவிடுங்கள். பள்ளிக்கூட அழிப்பான் வைத்துத் தேய்ப்பது பலருக்குப் பழகிய வழி. வேலை செய்யும், ஆனால் உதிரும் துகள் ஸ்லாட்டுக்குள் போனால் இருந்த கோளாறோடு இன்னொன்றும் சேரும்.

இனி வகை. டிடிஆர்3 துண்டில் 204 பற்கள், டிடிஆர்4 துண்டில் 260. வெட்டு இருக்கும் இடமும் வேறு என்பதால் ஒன்று மற்றதில் ஏறாது. ஏமாற்றுவது டிடிஆர்3-க்கும் டிடிஆர்3எல்-க்கும் உள்ள வித்தியாசம். இரண்டும் ஒரே வடிவம், ஒரே வெட்டு. முன்னது 1.5 வோல்ட் கேட்கும், பின்னது 1.35 வோல்ட்டிலேயே ஓடும். இன்டெல் 4ஆம், 5ஆம் தலைமுறைச் சிபியு உள்ள மெல்லிய மடிக்கணினிகள் பலவும் 1.35 வோல்ட் மட்டுமே தரும். அவற்றில் சாதாரண டிடிஆர்3 கச்சிதமாகப் பொருந்தும், ஆனால் திரை வராது. லேபிளில் 'பிசி3எல்-12800எஸ்' என்று 'எல்' இருக்கிறதா என்று பாருங்கள். மறுபக்கம், 1.5 வோல்ட் மடிக்கணினியில் 'எல்' ரேம் போட்டால் வழக்கமாகச் சிக்கல் இருக்காது. அதனால் சந்தேகம் வந்தால் 'எல்' வாங்குவதே பிழைக்கும் வழி.

இன்னொரு கண்ணி: 16 ஜிபி டிடிஆர்3எல் ஒற்றைத் துண்டு. இன்டெல் 4ஆம் தலைமுறை வரையிலான மடிக்கணினிகள் ஒரு ஸ்லாட்டில் 8 ஜிபிக்கு மேல் ஏற்காது. இரண்டு ஸ்லாட் என்றால் 16 ஜிபிதான் உச்சம். மலிவாகக் கிடைத்தது என்று 16 ஜிபி துண்டை வாங்கியவர் அதை விற்றுவிட வேண்டியதுதான்.

விளக்கு மின்னும் எண்ணிக்கையையும் கவனியுங்கள். டெல் மாடல்கள் பலவற்றில் ஆம்பர் நிறம் 2 முறை, வெள்ளை 3 முறை மின்னினால் ரேமே கண்ணில் படவில்லை என்று பொருள். 2, 4 என்றால் ரேமில் கோளாறு. மற்ற நிறுவனங்களுக்குக் கணக்கு வேறு, அந்தந்த மாடலின் சேவைக் கையேட்டில் இருக்கும்.

எல்லாம் செய்தும் பழைய ரேமோடுகூடத் திரை வரவில்லை என்றால், போர்டில் இருக்கும் நாணய பேட்டரியைக் கழற்றி ஐந்து நிமிடம் கழித்து மாட்டுங்கள். மடிக்கணினியில் அது பெரும்பாலும் இரண்டு கம்பியோடு சின்னக் கனெக்டரில் இருக்கும். இதனால் பயாஸ் அமைப்புகள் ஆலை நிலைக்குத் திரும்பும். பூட் முறையும் சாட்டா முறையும் (போர்டு டிஸ்கோடு பேசும் முறை) மாறியிருக்கலாம் என்பதை நினைவில் வையுங்கள், கீழே அது தேவைப்படும்.

போட்டது 8, காட்டுவது 4

டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தில் எத்தனை ஸ்லாட் பயன்பாட்டில் இருக்கிறது என்று பாருங்கள். இரண்டு போட்டு ஒன்றைத்தான் காட்டுகிறது என்றால் மேலே சொன்ன உட்காராத கதைதான்.

ஸ்லாட் எண்ணிக்கை சரி, மொத்தமும் சரி, 'பயன்படுத்தக்கூடியது' மட்டும் குறைவு என்றால் மூன்று காரணங்கள். முதலாவது 32 பிட் விண்டோஸ்: எவ்வளவு போட்டாலும் 4 ஜிபிக்கு மேல் தாண்டாது, கையில் கிடைப்பது 3 சொச்சம்தான். 64 பிட்டாகப் புதிதாக நிறுவுவதைத் தவிர வழியில்லை. இரண்டாவது, உள் கிராஃபிக்ஸ் தனக்கென ஒதுக்கிக்கொள்வது. ஏஎம்டி மடிக்கணினிகளில் இது 2 ஜிபி வரைகூடப் போகும். அது கோளாறு அல்ல, சில மாடல்களில் பயாஸில் குறைக்கலாம். மூன்றாவது, எம்எஸ்கான்ஃபிக் என்ற விண்டோஸ் கருவியில் பூட் தாவலின் மேம்பட்ட அமைப்பில் 'அதிகபட்ச நினைவகம்' என்ற பெட்டியில் யாரோ எப்போதோ டிக் போட்டுவைத்திருப்பது. எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

இடையிடையே நீலத்திரை

வாரத்துக்கு இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் வேறு வேறு பிழைப்பெயர் என்றால் ரேமைச் சந்தேகியுங்கள். ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்தால் டிரைவராக இருக்க வாய்ப்பு அதிகம். ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86-ஐப் பென்டிரைவில் ஏற்றி அதிலிருந்து பூட் செய்து, இரவு முழுக்க நான்கு சுற்று ஓடவிடுங்கள். சிவப்பில் ஒரே ஒரு பிழை வந்தாலும் போதும், அந்த ரேம் ஆகாது. 'ஒரு பிழைதானே' என்று விட்டால் ஒருநாள் கோப்பு கெடும், எப்போது கெட்டது என்றே தெரியாது.

தனித்தனியாக ஓட்டினால் இரண்டும் தேறுகின்றன, சேர்த்தால் தோற்கின்றன என்றால் அவை ஒத்துப்போகாத ஜோடி. வேகம் வேறுபட்டால் பொதுவாக இரண்டும் மெதுவான துண்டின் வேகத்துக்கு இறங்கி ஓடும், அதில் தப்பில்லை. ஆனால் பழைய போர்டுகள் சில வெவ்வேறு சில்லு அமைப்புள்ள துண்டுகளைச் சேர்த்து ஏற்பதில்லை. ஒரே பாக எண் உள்ள இரண்டு துண்டாக வாங்குவதே நிம்மதி.

எஸ்எஸ்டியைப் பயாஸே பார்க்கவில்லை

இதுதான் அதிகம் பணம் வீணாகும் இடம். எம்.2 என்பது வடிவத்தின் பெயர், உள்ளே ஓடும் முறையின் பெயர் அல்ல. ஒரே அளவுள்ள, 22 மில்லிமீட்டர் அகலமும் 80 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட எஸ்எஸ்டி சாட்டா என்ற பழைய முறையாகவும் இருக்கலாம், என்விஎம்இ என்ற வேகமான புதிய முறையாகவும் இருக்கலாம். பற்களில் இரண்டு வெட்டு இருந்தால் பெரும்பாலும் சாட்டா, ஒரே வெட்டு இருந்தால் பெரும்பாலும் என்விஎம்இ. 'பெரும்பாலும்' என்பதால் பெட்டியில் எழுதியிருப்பதையும் படியுங்கள். இரண்டு வெட்டு உள்ளது என்விஎம்இ ஸ்லாட்டிலும் ஏறும். ஏறிவிட்டது என்பதால் ஓடும் என்று ஆகாது.

இன்டெல் 4ஆம் தலைமுறையும் அதற்கு முந்தையதும் என்றால், அதன் பயாஸுக்கு என்விஎம்இ-யிலிருந்து பூட் செய்யத் தெரியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். எம்சாட்டா ஸ்லாட் வேறு குழப்பும். அது ஏறக்குறைய 51க்கு 30 மில்லிமீட்டர், எம்.2-வைவிட அகலம், ஒன்றில் மற்றது போகாது. மொபைல் டேட்டா கார்டுக்கான ஸ்லாட்டை எஸ்எஸ்டி ஸ்லாட் என்று நினைத்து வாங்குவோரும் உண்டு. வாங்குவதற்கு முன் மாடல் எண்ணைக் கொண்டு சேவைக் கையேட்டைத் தேடி, சேமிப்பகப் பகுதியை ஒருமுறை படிப்பது பத்து நிமிடம். பழைய மடிக்கணினிக்கு எங்கள் சிபாரிசு, சந்தேகமே வேண்டாம், 2.5 அங்குலச் சாட்டா எஸ்எஸ்டிதான்.

அந்த 2.5 அங்குலமே தெரியவில்லை என்றால், கழற்றிப் போட்ட பழைய ஹார்ட் டிஸ்கைக் கையில் எடுத்துப் பாருங்கள். அதன் நுனியில் விரல் அகலத்துக்கு ஒரு பிளாஸ்டிக் இணைப்பான் ஒட்டிக்கொண்டிருக்கும். பல டெல், எச்பி மாடல்களில் ஹார்ட் டிஸ்க்கும் போர்டும் நேராகச் சந்திப்பதில்லை, இந்தத் துண்டுதான் இடையில் இருக்கும். அதைப் பிடுங்கிப் புதியதில் மாட்டினால் கதை முடிந்தது. பழைய டிஸ்க் 9.5 மில்லிமீட்டர் தடிமனும் புதியது 7 மில்லிமீட்டரும் என்றால், தொட்டிலில் ஆடி இணைப்பு விலகும். எஸ்எஸ்டியோடு வரும் பிளாஸ்டிக் சட்டம் அதற்குத்தான்.

2012ஆம் ஆண்டு 13 அங்குல மேக்புக் ப்ரோவில் ஹார்ட் டிஸ்கை இணைக்கும் தட்டைக் கேபிள் நைந்துபோவது பேர்பெற்ற கோளாறு. புது எஸ்எஸ்டி சில சமயம் தெரிந்து சில சமயம் மறைந்தால், அல்லது நிறுவுவது பாதியில் நின்றால், எஸ்எஸ்டியை யுஎஸ்பி வழியாக வெளியே இணைத்து ஓட்டிப் பாருங்கள். வெளியே ஓடினால் கேபிளை மாற்ற வேண்டியதுதான்.

பயாஸில் உண்டு, விண்டோஸில் இல்லை

புத்தம்புது டிஸ்க் வெற்றுத் தாள். டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து, ஜிபிடி முறையில் (பகிர்வுப் பட்டியலை எழுதும் புதிய முறை) தொடக்கிவைத்து, புதிய பகிர்வை உருவாக்குங்கள். 2 டிபிக்கு மேல் என்றால் எம்பிஆர் என்ற பழைய முறை மீதியை விழுங்கிவிடும்.

விண்டோஸை நிறுவும் திரையிலேயே டிஸ்க் வரவில்லை என்றால் பயாஸில் சாட்டா முறை 'ரெய்டு' என்று இருக்கிறதா என்று பாருங்கள். புதிதாக நிறுவுவோர் 'ஏஎச்சிஐ'க்கு மாற்றிவிட்டுத் தொடரலாம். குளோன் செய்தவர்கள் (பழைய டிஸ்கை அப்படியே புதியதில் நகலெடுத்தவர்கள்) உடனே மாற்றிவிடக் கூடாது, நீலத்திரை வரும். அதை அடுத்த பகுதியில் பாருங்கள்.

குளோன் ஆனது, பூட் ஆகவில்லை

குளோன் முடிந்ததும் முதல் ஓட்டம் பழைய டிஸ்கைக் கழற்றி வைத்துவிட்டுத்தான். இரண்டுக்கும் ஒரே அடையாள எண் இருப்பதால் விண்டோஸ் ஒன்றை ஆஃப்லைனில் தள்ளிவிடும். சில சமயம் புதியதிலிருந்து பூட் ஆனதாக நீங்கள் நினைத்துக்கொண்டிருக்க, ஓடுவது பழையதாக இருக்கும்.

'பூட் டிவைஸ் இல்லை' என்ற செய்தி வந்தால் இரண்டைப் பாருங்கள். சி டிரைவை மட்டும் நகலெடுத்தீர்களா? யுஇஎஃப்ஐ என்ற புதிய முறையில் பூட் செய்யும் தகவல் 100 முதல் 300 எம்பி அளவில் தனியாக ஒரு சிறு பகிர்வில் இருக்கிறது. அது இல்லாமல் சி டிரைவ் முழுதாக வந்தாலும் பயனில்லை. முழு டிஸ்கையும் மறுபடி குளோன் செய்யுங்கள். அது சரி என்றால் பயாஸில் பூட் முறை: பழைய டிஸ்க் எம்பிஆர் என்றால் லெகசி என்ற பழைய முறை, ஜிபிடி என்றால் யுஇஎஃப்ஐ. நாணய பேட்டரியைக் கழற்றியவர்கள் இங்கேதான் சிக்குவார்கள்.

'இனாக்சஸிபிள் பூட் டிவைஸ்' என்ற நீலத்திரை வேறு. விண்டோஸ் எழும்புகிறது, ஆனால் தன் டிஸ்கோடு பேச வேண்டிய டிரைவர் ஏற்றப்படவில்லை. ரெய்டிலிருந்து ஏஎச்சிஐக்கு மாறினாலும், சாட்டாவிலிருந்து என்விஎம்இ-க்குப் போனாலும் இது வரும். முதலில் பயாஸைப் பழைய முறைக்கே திருப்புங்கள். விண்டோஸ் எழுந்ததும் எம்எஸ்கான்ஃபிக்கில் சேஃப் பூட்டை டிக் செய்து ரீஸ்டார்ட் கொடுங்கள். எழும்பும் வழியிலேயே பயாஸுக்குள் போய் ஏஎச்சிஐக்கு மாற்றுங்கள். சேஃப் மோடில் எழும்போது விண்டோஸ் தேவையான டிரைவரை ஏற்றிக்கொள்ளும். உள்ளே வந்ததும் டிக்கை எடுத்துவிட்டு மறுபடி ரீஸ்டார்ட். ஒரு எச்சரிக்கை: சேஃப் மோடில் நான்கு இலக்கப் பின் எண் வேலை செய்யாமல் போகலாம், கணக்கின் முழுக் கடவுச்சொல் தெரிந்திருக்க வேண்டும். தெரியாமல் டிக் போட்டால் வாசலிலேயே நிற்பீர்கள்.

குளோன் பாதியில் நின்றால் மென்பொருளைத் திட்டாதீர்கள். டிஸ்கின் உடல்நிலையைக் காட்டும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் பழைய டிஸ்கின் 5, 197, 198 எண் வரிகளைப் பாருங்கள். பூஜ்யம் அல்லாத எண் வளர்ந்துகொண்டிருந்தால் டிஸ்க் போய்க்கொண்டிருக்கிறது. குளோனை விட்டுவிட்டு முக்கியமான கோப்புகளை மட்டும் முதலில் எடுங்கள், விண்டோஸைப் புதிதாக நிறுவுங்கள். விண்டோஸ் உரிமம் போர்டோடு பிணைந்தது. ஹோம் இருந்த இடத்தில் ஹோம், ப்ரோ இருந்த இடத்தில் ப்ரோ என்று நிறுவினால் தானாகவே செயல்படும், புதிதாக வாங்க வேண்டாம்.

48 இலக்க எண் கேட்கிறது

கேட்பது பிட்லாக்கர், டிஸ்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி. பயாஸ் அமைப்பு மாறியதும் அதற்குச் சந்தேகம் வந்துவிட்டது. எண் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும், கைத்தொலைபேசியிலேயே பார்க்கலாம். அலுவலகம் தந்த மடிக்கணினி என்றால் அவர்களின் ஐடி பிரிவிடம்தான் இருக்கும். சொல்லப்போனால், அதை நீங்கள் திறந்திருக்கவே கூடாது. வேலையைத் தொடங்குமுன் பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்திவைத்தால் இந்தத் திரையே வராது.

மாற்றினேன், வேகம் வரவில்லை

முதலில் பேட்டரி கனெக்டரும் சார்ஜரும். மூடும்போது பேட்டரி சரியாகச் செருகப்படாமலோ, சார்ஜரை மடிக்கணினி அடையாளம் காணாமலோ போனால் சில மாடல்கள் சிபியுவின் வேகத்தைக் கீழே இறக்கிவிடும். எல்லாமே ஆமை வேகம், டாஸ்க் மேனேஜரில் சிபியு 0.8 கிகாஹெர்ட்ஸை விட்டு ஏற மறுக்கிறது என்றால் இதுதான்.

அடுத்து கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் 'சாட்டா/600' என்று இருக்கிறதா, 'சாட்டா/300' என்றா? 300 என்றால் விநாடிக்குச் சுமார் 270 எம்பிதான் கிடைக்கும். பழைய போர்டின் எல்லை அதுவென்றால் விட்டுவிடுங்கள், அன்றாட வேலையில் அந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. டிவிடி டிரைவ் இருந்த இடத்தில் எஸ்எஸ்டியைப் போட்டிருந்தால் இடம் மாற்றுங்கள்: எஸ்எஸ்டி உள்ளே, பழைய ஹார்ட் டிஸ்க் டிவிடி இடத்தில். 199ஆம் வரியின் எண் நாளுக்கு நாள் ஏறினால் கேபிளோ இணைப்போ சரியில்லை, டிஸ்கைக் குறை சொல்ல வேண்டாம்.

விண்டோஸ் எக்ஸ்பி காலத்திலிருந்து குளோன் மேல் குளோனாக வந்த டிஸ்க் என்றால் எம்எஸ்இன்ஃபோ32 என்ற விண்டோஸ் கருவியில் பகிர்வின் தொடக்க எண்ணைப் பாருங்கள். 4096ஆல் மீதியின்றி வகுபட வேண்டும். 10,48,576 என்றால் நல்லது. 32,256 என்றால் ஒவ்வொரு முறை எழுதும்போதும் எஸ்எஸ்டிக்கு இரட்டை வேலை, புதிதாக நிறுவுவதே தீர்வு.

டச்பேட், கீபோர்டு அல்லது வைஃபை செத்துவிட்டது

திறக்கும்போது இழுபட்ட ரிப்பன் கேபிள். பூட்டுத் தாழ்ப்பாளைத் தூக்கி, கேபிளை நேராக முழுதாகச் செருகி, தாழ்ப்பாளை மூடுங்கள். வைஃபை மட்டும் பலவீனம் என்றால் கறுப்பு, வெள்ளை ஆன்டெனாக் கம்பிகளில் ஒன்று கார்டிலிருந்து கழன்றிருக்கும்.

வாங்கும் இடம், போடும் இடம்

சிங்கப்பூரில் தேக்காவிலிருந்து நடந்தே போகும் தூரத்தில் இருக்கும் கணினிக் கடைத்தொகுதியான சிம் லிம் ஸ்குவேரில் பழைய டிடிஆர்3எல் துண்டுகள் இன்னும் தேடினால் கிடைக்கும். பழைய துண்டைக் கையோடு கொண்டுபோய் லேபிளைக் காட்டுவது, வாயால் மாடல் பெயர் சொல்வதைவிட நல்லது. 2025 இறுதியிலிருந்து நினைவகச் சில்லுகளின் விலை ஏறியிருப்பதால் பலரும் கேரோசல் என்ற இணையச் சந்தையில் பயன்படுத்திய ரேமைத் தேடுகிறார்கள். ரேம் தேய்கிற பொருள் அல்ல, பயன்படுத்தியதை வாங்கலாம், வாங்கிய இரவே மெம்டெஸ்ட்86 ஓட்டுங்கள். பயன்படுத்திய எஸ்எஸ்டி வேறு விஷயம், அது தேயும். நம்ப முடியாத விலையில் 2 டிபி என்று வந்தால் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சோதனை நிரலை ஓட்டி உண்மையான கொள்ளளவைப் பார்த்துவிடுங்கள்.

'லெமன் லா' என்று பேச்சில் சொல்லப்படும் சிங்கப்பூர் நுகர்வோர் சட்டம் 2012 செப்டம்பர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. கடையில் வாங்கிய பொருளில் 6 மாதத்துக்குள் குறை தெரிந்தால், வாங்கும்போதே அந்தக் குறை இருந்ததாகக் கொள்ளப்படும். பயன்படுத்திய பொருளைக் கடைக்காரர் விற்றாலும் பொருந்தும். தனிநபரிடம் வாங்கினால் பொருந்தாது. பத்து வெள்ளி மிச்சம் பிடிப்பதற்கு முன் இதைக் கணக்கில் எடுங்கள்.

இன்னொன்றையும் பாகம் வாங்குமுன் முடிவு செய்யுங்கள். விண்டோஸ் 10-இன் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11, சில விதிவிலக்குகள் போக, இன்டெல் 8ஆம் தலைமுறைக்கு முந்தையதை ஏற்காது. உங்களுடையது 4ஆம் தலைமுறை என்றால் 8 ஜிபி ரேம், 250 ஜிபி எஸ்எஸ்டியோடு லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போடுவது புத்திசாலித்தனம். 16 ஜிபிக்குச் செலவழிப்பது வீண்.

பழைய ஹார்ட் டிஸ்கை உடனே தூக்கிப்போடாதீர்கள். ஒரு மாதம் இழுப்பறையில் கிடக்கட்டும், குளோனில் விட்டுப்போன கோப்பு அப்போதுதான் நினைவுக்கு வரும். அதன் பிறகு முழு டிஸ்கையும் ஒருமுறை பூஜ்யங்களால் எழுதி அழித்து, கடைத்தொகுதிகளிலும் சமூக மன்றங்களிலும் வைத்திருக்கும் மின்கழிவுத் தொட்டியில் போடுங்கள்.